மழைக்காலத்தில் அவசரப்பட்ட மருந்து

போன வாரம் என் பழைய ஆய்வகத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் போன் செய்தார்கள். புதிதாக வந்திருக்கும் இயந்திரம் தானே மருந்துநீரை உறிஞ்சி, தானே அளந்து, கம்ப்யூட்டரில் கோடும் வரைந்துவிடுகிறதாம். “அப்ப நீங்கள்லாம் நாள் முழுக்க ஊசியக் கையில வச்சிக்கிட்டு நின்னுட்டே இருந்தீங்களா சார்?” என்று ஒரு பெண் கேட்டாள். நின்றுகொண்டேதான் இருந்தோம் என்றேன். “அதெல்லாம் எழுதிக் குடுங்க சார், நாங்க படிக்கிறோம்” என்றாள். சரி என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

சிரிக்கிற நிலையில் நான் இல்லை என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. போன மாதம் என் மகள் நஸ்ரின் கல்லூரியிலிருந்து வரும்போது கூனிமேடு பஸ் ஸ்டாப்பில் வலிப்பு வந்து விழுந்துவிட்டாள். பல வருஷங்களாக ஒரு தடவைகூட வராமல் இருந்ததால் டாக்டரே மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தியிருந்தார். நான் ஓடிப்போனபோது டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கன்னத்தில் சிராய்ப்பு. முடியெல்லாம் மண். கையில் யாருடைய சாவிக்கொத்தோ இருந்தது. இரும்பைப் பிடித்தால் நின்றுவிடும் என்று யாரோ திணித்திருக்கிறார்கள். அவள் என்னைப் பார்த்தாள், ஆனால் நான் யாரென்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கொஞ்ச நேரத்திலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை.

டாக்டர் மறுபடி மருந்து எழுதிக்கொடுத்திருக்கிறார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அந்த கேப்ஸ்யூல் எங்கள் கம்பெனியில், என் கண்ணெதிரே உருவானது. பிள்ளைகளே, இன்று அதைச் செய்கிறவர்களும் சோதிக்கிறவர்களும் நீங்கள்தான். அதனால் கேட்டதை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நஸ்ரினுக்கு இந்தக் கஷ்டம் ஆரம்பித்தது ஒன்றாம் வகுப்பில். அப்போது அந்த மருந்து சாதாரண மாத்திரையாக மட்டும்தான் எங்களுக்குக் கிடைத்தது. காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை. காலையும் இரவும் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். மதியம்தான் எங்கள் குடும்பத்தை ஆட்டி வைத்தது. டீச்சரிடம் கொடுத்தால், “எனக்கு அம்பது பசங்க இருக்குதுங்கம்மா, மறந்துட்டா நானா பொறுப்பு?” என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். அதனால் என் மனைவி தினமும் வெயிலில் நடந்து பள்ளிக்கூடத்துக்குப் போவாள். வாசலில் நின்று கூப்பிடுவாள். பிள்ளை சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து வரும்.

ஒரு நாள் மாலை நஸ்ரின் என்னிடம் கேட்டாள்.

“அத்தா, அம்மாவ மத்தியானம் வர வேணாம்னு சொல்லுங்க.”

“ஏம்மா?”

“எல்லாரும் என்னைய மாத்திரை மாத்திரைன்னு கூப்புடறாங்க. அம்மா வாசலாண்ட வந்தாலே, ‘ஏய் மாத்திரை, ஒங்கம்மா வந்துட்டாங்க’ன்னு கத்துறாங்க.”

அதற்கப்புறம் அவள் மாத்திரையை வாயில் வாங்கி, குழாயடியில் துப்பிவிட்டு வந்தாள். எங்களுக்குத் தெரிந்தது ஒரு மதியம் வகுப்பிலேயே அவள் விழுந்த பிறகுதான். அடித்துக் கேட்கவா முடியும்? அந்த மாத்திரையை விழுங்கினால் இன்னொரு தொல்லை. மருந்து மொத்தமும் ஒரே மூச்சில் ரத்தத்தில் ஏறும். தலை சுற்றும், தூக்கம் தள்ளும். பிறகு இறங்க ஆரம்பித்தால், அடுத்த வேளைக்கு முன்னால் வலிப்பு வரும் ஆபத்து. ஏறினாலும் பயம், இறங்கினாலும் பயம்.

நான் திண்டிவனத்தில் வேதியியல் படித்துவிட்டு, புதுச்சேரிப் பக்கம் மருந்துக் கம்பெனியில் சேர்ந்தவன். முதல் சில வருஷம் கண்ணாடிக் குடுவை கழுவினேன், தராசு துடைத்தேன், பெரியவர்கள் சொன்ன எண்களை எழுதினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நஸ்ரின் விழுந்த அந்த வருஷம்தான் என்னைப் புதிய பிரிவுக்கு மாற்றினார்கள். எங்கள் தலைவர் கிருபாகரன் சார். முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, “யூசுப், வலிப்பு மருந்த மெதுவா வெளிய விடற மாதிரி செய்யப் போறோம். ரெண்டு வேள போதும். மதிய வேள இருக்காது” என்றார். என் வீட்டு விஷயம் அவருக்குத் தெரியாது. வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்றேன்.

வேலை இதுதான். மருந்தையும் பாலிமரையும் சேர்த்து ஒரு கரைப்பானில் கரைக்க வேண்டும். பாலிமர் என்றால் இங்கே, நம் வயிற்றில் கரையாத, பிளாஸ்டிக்குக்கு உறவான ஒரு பொருள். தின்றால் கெடுதல் இல்லை. அந்தக் கரைசலை, சோப்பு போல வழுக்கும் பொருள் கலந்த தண்ணீரில் ஊற்றிச் சுழற்றினால் அது பொடிப் பொடித் துளிகளாகப் பிரியும். சுழற்றச் சுழற்றக் கரைப்பான் ஆவியாகிப் போகும். துளிகள் இறுகி உருண்டைகளாகும். ரவையைவிட நைசாக இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் மருந்து புதைந்திருக்கும். வடிகட்டி, கழுவி, உலர்த்தி, சலித்து, கேப்ஸ்யூலில் அடைத்தால், வயிற்றுக்குள் போன பிறகு அந்த உருண்டைகளின் நுண்ணிய துவாரங்கள் வழியாக மருந்து கசிந்து வரும்.

அது சரியாகக் கசிகிறதா என்று பார்ப்பது என் வேலை. வெந்நீர்த் தொட்டிக்குள் கண்ணாடிப் பாத்திரங்கள் வரிசையாக நிற்கும். நம் உடம்புச் சூடு எவ்வளவோ அவ்வளவுதான் அந்த நீரின் சூடும். ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு துடுப்பு சுற்றும். கேப்ஸ்யூலைப் போட்டதும் மணி ஓட ஆரம்பிக்கும். குறித்த நேரத்தில், பாத்திரத்தின் அடியிலும் இல்லாமல் மேலேயும் இல்லாமல் நடுவில் ஊசியை இறக்கி, கொஞ்சம் நீரை உறிஞ்சி, வடிகட்டிக் குப்பியில் பிடிக்க வேண்டும். அதில் எவ்வளவு மருந்து கசிந்திருக்கிறது என்று அளந்து கோடு வரைவோம். எடுத்த அளவுக்கு அதே சூட்டில் புது நீர் ஊற்ற வேண்டும். முதல் பாத்திரத்துக்கும் கடைசிப் பாத்திரத்துக்கும் இடையே கை ஒரே வேகத்தில் போக வேண்டும். காலையில் போட்டால் சாயங்காலம் வரை நிற்க வேண்டும். சாப்பாட்டுக்கு மாற்றிவிட ஆள் வரவில்லை என்றால் சாப்பாடு கிடையாது.

கிருபாகரன் சார் ஆய்வகத்துக்குள் வரும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி வெளியே மேசையில் வைத்துவிடுவார். எங்களையும் கழற்றச் சொல்வார். “ஒரு ரூமுக்கு ஒரு கடிகாரம்தான். ரெண்டு இருந்தா நமக்குப் புடிச்சதப் பாப்போம்” என்பார். எண்களை முதலில் கேட்க மாட்டார். பாத்திரத்தின் முன்னால் குனிந்து, உருண்டைகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. சோதனையில் தோற்ற பேட்சை ‘பெயில்’ என்று அவர் சொன்னதும் இல்லை. “இது அவசரப்படுது” என்பார். நன்றாக வந்தால், “நிதானம் வந்துடுச்சு.” கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவர் பேசுவது போல இருக்கும்.

அந்தக் கோடையில் செய்த பேட்ச் எல்லாம் நிதானமாக வந்தன. முதல் மணி நேரத்தில் கொஞ்சமாக, அப்புறம் சீராக. கோடு ஒழுங்காக ஏறும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டில் என் மனைவியிடம், “இன்னும் கொஞ்ச நாள்தான், நீ ஸ்கூலுக்குப் போவ வேண்டியதே இல்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு மழை வந்தது. ஐப்பசியில் செய்த பேட்ச், முதல் மணியிலேயே பாதி மருந்தைக் கொட்டிவிட்டது. அடுத்ததும் அப்படியே.

அது சாதாரணத் தோல்வி இல்லை. மூன்று வேளை மருந்தை இரண்டே கேப்ஸ்யூலில் அடைத்திருக்கிறோம். அது மெதுவாக வராமல் மொத்தமாக வந்தால் பிள்ளைக்கு விஷம்.

எல்லோரும் மழையைத்தான் சொன்னார்கள். எங்கள் கரையில் அந்த மாதங்களில் உப்புக்காற்றும் ஈரமும் எதையும் விட்டு வைப்பதில்லை. ஈரம் உருண்டைக்குள் போய்த் துவாரத்தைப் பெரிதாக்குகிறது என்று ஒருவர் கணக்கே போட்டுக் காட்டினார். அறையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்தார்கள். உலர்த்தும் நேரத்தைக் கூட்டினார்கள். அப்படியும் மூன்றாவது பேட்ச் அவசரப்பட்டது. மேலிடத்திலிருந்து வந்தவர்கள், இன்னும் ஒரு பேட்ச் பாருங்கள், அதுவும் இப்படியென்றால் இதை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் கூட்டத்தில்தான் நான் வாய் திறந்தேன். “சார், எங்க வீட்ல ஒரு கொழந்த மதிய மாத்திரை சாப்புடுது சார்” என்றேன். கிருபாகரன் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த நாள் காலை அவர் என்னை ஆய்வகத்துக்குப் போகவிடவில்லை. “ஊசிய இன்னைக்கு வேற யாருக்காவது குடு. நீ என் கூட வா. இவ்வளவு நாளும் பொறந்த புள்ளையத்தான் பாத்துட்டிருந்தோம். இன்னைக்குப் பொறக்கறதப் பாப்போம்” என்றார். உருண்டைகள் உருவாகும் கொப்பரை அறைக்குப் போய், ஆளுக்கொரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தோம்.

அன்று கொப்பரையைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஏழுமலை. மரக்காணத்துக்காரர். என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். கம்பெனி பஸ்ஸில் அவர் மரக்காணத்திலேயே ஏறிவிடுவார், நான் கூனிமேட்டில் ஏறுவேன். எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பார். “வா பாய், ஒக்காரு. நம்ம டிரைவரு இன்னைக்கி விமானம் ஓட்டறாரு” என்று ஏதாவது பேசிக்கொண்டே வருவார். உப்பளத்தில் வேலை செய்து பழகியவர். மழைக்காலத்தில் பாத்தியெல்லாம் முழுகிப்போய் வேலை இருக்காது. அந்த மாதங்களுக்கு மட்டும் ஒப்பந்தத்தில் எங்கள் கம்பெனிக்கு வருவார். தையில் மழை ஓய்ந்ததும் பாத்தி கட்டப் போய்விடுவார். சுத்தமான ஆள். சொன்ன நேரத்துக்குச் சொன்னதைச் செய்வார். அன்றும் கரைசலை நூல் பிடித்தது போல ஊற்றினார். சுழல்வேகத்தைச் சரிபார்த்தார். எங்களைப் பார்த்து, “பெரியவங்க வந்து ஒக்காந்துக்கினா கையி ஒதறுதுங்க” என்று சிரித்தார்.

மதியம் வரை ஒன்றும் இல்லை. பிறகு கொப்பரையின் ஓரங்களில், சுழல் அதிகம் எட்டாத இடத்தில், மெல்லிய ஆடை படிய ஆரம்பித்தது. காய்ச்சிய பாலில் கட்டுமே, அது மாதிரி. அது எப்போதும் படிவதுதான். கடைசியில் வடிகட்டும்போது தனியாக எடுத்துப் போட்டுவிடலாம் என்பது கணக்கு. ஏழுமலை எழுந்தார். துருப்பிடிக்காத கம்பி ஒன்றை எடுத்தார். என்னிடம் ஏதோ பேசிக்கொண்டே, பார்வையை அந்தப் பக்கம் திருப்பாமலே, கம்பியை ஆடையின் மேல் லேசாக இழுத்து உடைத்து, துண்டுகளை உள்ளே அமுக்கிவிட்டார். தண்ணீர் தெளிந்தது. கம்பியைத் துடைத்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

நான் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். “யோவ் ஏழுமலை! இன்னாய்யா பண்ற!” அவரை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

அவர் மிரண்டு போனார். “இன்னா பாய்? நான் இன்னா பண்ணேன்?”

கிருபாகரன் சார் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அவரிடம் மெதுவாகக் கேட்டார். “ஏழுமலை, அத எதுக்கு ஒடைச்சீங்க?”

“எத சார்?”

“மேல கட்டுச்சே, அத.”

ஏழுமலை தன் கையைப் பார்த்தார். தான் செய்தது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது என்று நினைக்கிறேன். “ஆட கட்டனா ஒடச்சி உடணும்ல சார். பாத்தியில அப்பிடித்தான். உப்பு மொதல்ல மேலதான் ஏடா கட்டும். அப்பிடியே உட்டா தண்ணி மூடிக்கும், வெயிலு உள்ள எறங்காது. பலகையால லேசா இழுத்து உட்டா அடியில போயி ஒக்காந்துக்கும். அப்பறம் நல்லா வெளையும்.”

“எல்லா பேட்ச்லயும் ஒடைச்சீங்களா?”

“பாத்தா ஒடைப்பேன் சார். பாத்துக்கினு எப்பிடி சும்மா இருக்கறது?”

எனக்கு எல்லாம் புரிந்தது. கரைப்பான் மேற்பரப்பில்தான் சீக்கிரம் ஓடிப்போகும். அந்த ஆடையில் இருப்பது பாலிமரால் மூடப்படாத வெறும் மருந்து. அது தனியாகக் கிடந்தால் எடுத்துப் போட்டுவிடலாம். உடைத்து உள்ளே விட்டால் தூள் தூளாகி, இறுகிக்கொண்டிருக்கும் உருண்டைகளின் வெளிப்புறத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். சல்லடையிலும் நிற்காது, கழுவினாலும் போகாது. வயிற்றில் விழுந்ததும் முதல் மணியிலேயே கரைந்துவிடும். கோடையில் ஏன் நிதானமாக வந்தது? கோடையில் ஏழுமலை உப்பளத்தில் இருந்தார்.

அவர் கேட்டார். “சார், என்ன அனுப்பிடுவீங்களா? பாத்தி இன்னும் தண்ணியிலதான் கெடக்குது.”

கிருபாகரன் சார் செய்முறைத் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். பிறகு, “ஆடையத் தொடாதேன்னு இதுல எங்கயும் இல்ல. தொடுவாங்கன்னு எனக்கே தோணல. அப்பறம் ஒங்களக் கேட்டு என்ன பிரயோஜனம்?” என்றார். என்னிடம் திரும்பி, “இந்த பேட்ச கீழ ஊத்திடலாம். நாளைக்கு மறுபடியும். இவரே செய்யட்டும்” என்றார்.

“இவரேவா சார்?”

“வேற ஆளு செஞ்சு நல்லா வந்தா, ஆளு மாறினதால வந்துச்சின்னு சொல்லுவாங்க யூசுப்.”

மறுநாள் வெளியே மழை கொட்டியது. ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தைக்கூட நிறுத்திவிடச் சொன்னார் சார். ஏழுமலை கரைசலை ஊற்றினார். ஆடை படிந்தபோது அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “அரிக்குது பாய்” என்றார். “கை சும்மா நிக்க மாட்டுது. எங்கயாவது கூட்டிக்கினு போயி டீ வாங்கிக் குடு.” நான் அவரை கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முந்தின நாள் கத்தியதைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். “உடு பாய். பொண்ணு கத சாரு சொன்னாரு. என் பொண்ணா இருந்தா நானு கம்பியாலயே போட்டிருப்பேன்” என்றார்.

உலர்த்திச் சலித்து, அந்த பேட்ச் என் பாத்திரங்களுக்கு வந்தது. முதல் மணிக்கு நான் ஊசியை இறக்கியபோது கிருபாகரன் சார் பின்னால் வந்து நின்றார். எண் வந்ததும் அவரிடம் சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். குனிந்து பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே, “நிதானம் வந்துடுச்சு” என்றார். வெளியே போய்க் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நான் சாயங்காலம் வரை நின்றேன். செய்முறையில் அன்று சேர்த்த வரி, மேற்பரப்பில் படியும் ஆடையை உடைக்கவோ உள்ளே தள்ளவோ கூடாது என்பது, இன்றும் உங்கள் தாளில் இருக்கும். யாருக்காக எழுதியது என்று அதில் இருக்காது.

அந்த மருந்து நஸ்ரினுக்குக் கிடைத்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். கிடைக்கவில்லை. சோதனை, அனுமதி, மறுபடி சோதனை என்று வருஷங்கள் ஓடின. மருந்து கடைக்கு வந்தபோது அவள் பத்தாம் வகுப்பு. அதற்குள் மதிய மாத்திரையைத் தானே பையில் வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் விழுங்கப் பழகியிருந்தாள். “வலிப்பு அடங்கியிருக்கும்போது மருந்த மாத்தறது எனக்குப் பிடிக்காது பாய்” என்றார் டாக்டர். நான் வற்புறுத்தவில்லை. யாரோ பெற்ற பிள்ளைகள் மதியத்தில் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று இருந்துவிட்டேன். பிறகு மாத்திரையே நின்றது. நானும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். எல்லாம் முடிந்தது என்றிருந்தோம்.

இப்போது அதே கேப்ஸ்யூல் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. வாங்கிய அன்று அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மருந்துக் கடை வாசலிலேயே நின்றேன். மற்ற தகப்பனுக்கு இது வெறும் மாத்திரை, பிரித்துக் கொடுத்துவிடுவான். எனக்கு இது தவறிப்போகக்கூடிய வழியெல்லாம் தெரியும். சல்லடையில் ஒரு கம்பி விட்டிருந்தால், சுழல்வேகம் குறைந்திருந்தால், யாரோ ஒருவருடைய கை தன் பழக்கத்தில் எதையோ செய்திருந்தால்? “மெல்லாத, பிரிக்காத, சூடான எதுலயும் போடாத” என்று மகளிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். “எனக்கு இருவது வயசு ஆவுதுத்தா” என்கிறாள்.

இயந்திரம் என்னைவிட நன்றாகவே உறிஞ்சும். அதன் கை நடுங்காது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. ஆனால் பிள்ளைகளே, ஒரு பேட்ச் அவசரப்பட்டால் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கொப்பரை அறைக்குப் போங்கள். அங்கே இருக்கிறவரிடம் கத்தாமல் கேளுங்கள். இதுதான் நான் சொல்லக்கூடியது.

இந்தத் திங்கட்கிழமைதான் நஸ்ரின் மறுபடி கல்லூரிக்குப் போனாள். காலையில் என் முன்னாலேயே கேப்ஸ்யூலை விழுங்கினாள். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். மதியம் லுஹர் தொழுகை முடித்துவிட்டு வந்ததும் என்னால் இருக்க முடியவில்லை. போன் போட்டேன்.

“என்னாத்தா?”

“ஒண்ணுமில்லம்மா. எங்க இருக்க?”

“சாப்ட்டுட்டிருக்கேன்.”

பின்னால் ஒரே இரைச்சல். தட்டுச் சத்தம், யாரோ யாரையோ கிண்டல் செய்கிற சத்தம். ஒரு பெண் கேட்பது என் காதில் விழுந்தது: “யாருடி இந்நேரத்துல?”

“எங்கத்தாடி” என்றாள் என் மகள், வாயில் சோற்றோடு. “சும்மா பண்ணாரு.”

வைத்துவிட்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி உள்ளேயிருந்து, “என்னா சொன்னா?” என்று கேட்டாள்.

“சாப்புடறா” என்றேன்.